உட்கார வைத்து அளந்து பார்

வெற்றி,

உன் அமிர்தம் அத்தைக்கு பிரஷர் வியாதி கிடையாது. நீ உட்கார்ந்திருந்த நாற்காலிதான் அவளுக்கு வந்த வியாதி. அதை அளந்து, அதற்கு மாத்திரை எழுதி, அதற்குக் கீழே 'வயல் வேலைக்குத் தகுதியில்லை, முழு ஓய்வு தேவை' என்று இங்கிலீஷில் எழுதிக் கையெழுத்தும் போட்டாய். அந்தச் சீட்டு இப்போது கோர்ட்டில் இருக்கிறது. வருகிற திங்கட்கிழமை அதைக் காட்டித்தான் உன் அத்தையின் நிலத்தைப் பிடுங்கப் போகிறார்கள்.

இதை நேரில் சொல்லலாம். உன் குவார்ட்டர்ஸுக்கு இங்கிருந்து இரண்டு பஸ்தான். ஆனால் நேரில் பேசினால் நீ கண்ணைக் கசக்குவாய், நான் கத்துவேன், உன் அப்பா நடுவில் காபி போட்டுக்கொண்டு வருவார், விஷயம் ஆறிப்போகும். போஸ்ட் ஆபீஸ் போனில் பேசினால் போஸ்ட்மாஸ்டர் முழுவதையும் கேட்டுவிட்டு, "பொண்ணு என்னதான் சொல்லுது?" என்று என்னிடமே கேட்கிறார். அதனால் எழுதுகிறேன். ஒரு பிரதியை எங்கள் செவிலியர் சங்கப் பத்திரிகைக்கும் அனுப்புகிறேன். கோபித்துக்கொள். ஆனால் உன்னைப் போல நாற்காலியில் புதிதாக உட்கார்ந்த பிள்ளைகள் இந்த ஜில்லாவில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்கள் எதிரே நிற்கிற அத்தைகள் அதைவிட அதிகம். இது உனக்கு மட்டும் எழுதி மடித்து வைக்கிற சமாசாரம் இல்லை.

உன்னை நினைத்தால் எனக்குச் சந்தோஷம்தான் முதலில் வருகிறது, கோபம் அதற்குப் பிறகுதான். எனக்கு நாற்பத்திரண்டு வயது. பதினெட்டில் உன்னைப் பெற்றேன். தன் கட்சி தேர்தலில் ஜெயித்த செய்தி ரேடியோவில் வந்த அன்று நீ பிறந்தாய் என்று உன் அப்பா குதித்துக் குதித்து வெற்றிச்செல்வி என்று பெயர் வைத்தார். ஜெயித்தது எந்தக் கட்சி, அதற்குப் பிறகு யார் வந்தார், யார் போனார் என்பதெல்லாம் இருக்கட்டும். உனக்கு இரண்டு வயதானபோது எனக்குச் செவிலியர் பயிற்சிக்கு இடம் கிடைத்தது. தஞ்சாவூரில் தங்க வேண்டும். உன்னை என்ன செய்வது என்று நானும் உன் அப்பாவும் விழித்தபோது, அத்தை கேள்வியே கேட்கவில்லை. "நீ போயி ஊசி போடக் கத்துக்க. இவளை நான் பாத்துக்கிறேன். வயலுக்குத்தானே போறேன், டெல்லிக்கா போறேன்?" என்றாள். வரப்போரத்துப் பூவரச மரத்தில் உனக்குத் தூளி கட்டினாள். கால் நடவு சேற்றிலும், காது தூளியிலுமாக ஒன்றரை வருஷம் வேலை செய்தாள். நான் இன்று நர்ஸ், நீ இன்று டாக்டர். இரண்டுக்கும் அடியில் அவள் நின்ற சேறு இருக்கிறது.

அந்த வயல் யாருடையது என்று உனக்குத் தெரியும். பெரிய வீட்டுக்குச் சொந்தம். குத்தகை உன் மாமா பெயரில் இருந்தது, மாமா போன பிறகு அத்தை பெயருக்கு வந்தது. குத்தகைப் பதிவேட்டில் அவள் பெயரை ஏற்றுவதற்கு ஆறு வாய்தா நடந்தோம். அவளுக்குப் பிள்ளை இல்லை. உழுகிற ஒன்றைத் தவிர எல்லா வேலையும் அவள் உடம்புதான் செய்கிறது. குத்தகைச் சட்டமும் அந்த உடம்பைத்தான் கேட்கிறது. தன் உடலுழைப்பால், அல்லது குடும்பத்தாரின் உடலுழைப்பால் சாகுபடி செய்கிறவர்தான் குத்தகைதாரர். அது இல்லை என்று காட்டிவிட்டால் போதும், மற்றதெல்லாம் சுலபம். பெரிய வீட்டில் இதற்காகப் பல வருஷமாக ஒரு காகிதம் தேடிக்கொண்டிருந்தார்கள். நீ எழுதிக் கொடுத்தாய்.

உனக்கு இதில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும். அத்தைக்கு ஓய்வு கிடைக்கட்டும் என்ற நல்ல எண்ணத்தால்தான் செய்தாய். அதனால்தான் எனக்கு இவ்வளவு எரிச்சல். ஏனென்றால் பயம் பிரஷரை ஏற்றும் என்ற விஷயத்தை எங்களுக்குச் சொல்லிக் கொடுத்ததே நீதான்.

நீ இரண்டாம் வருஷம் படிக்கும்போது தீபாவளி லீவுக்கு வந்திருந்தாய். வெளியே ஐப்பசி மழை. நீ கட்டிலில் புத்தகத்தைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். உன் அப்பா தான் வேலை பார்க்கிற பஸ் டெப்போவிலிருந்து கொண்டுவந்த ஏதோ ஒரு பம்பைப் பிரித்துக் கூடம் முழுக்கக் கிரீஸ் ஆக்கிக்கொண்டிருந்தார். நீ திடீரென்று, "அம்மா, பயம் எங்க இருக்குன்னு நினைக்கிற?" என்று கேட்டாய்.

"நெஞ்சுலதான். அடிச்சுக்குதுல்ல."

"இல்ல. மூளைல. நெஞ்சு சும்மா கூலிக்கு அடிக்குது."

"கூலி குடுக்குறது யாரு?" என்றார் உன் அப்பா பம்பை விட்டுத் தலை நிமிர்த்தாமல்.

"ஹைபோதலாமஸ்."

"பேரே பெரிய வீட்டு ஆள் பேரு மாதிரி இருக்கே!"

நீ சிரித்த சிரிப்பில் புத்தகம் கீழே விழுந்தது. பிறகு சொன்னாய். மூளைக்கு அடியில் இரண்டு புளியங்கொட்டை சேர்ந்தாற்போல ஒரு சின்ன இடம். கண்ணும் காதும் பயப்படுகிற மாதிரி எதையாவது கொண்டுவந்து போட்டால் அது இரண்டு விதமாக வேலை செய்யும். ஒன்று, நரம்பு வழியாக உடனே ஆள் அனுப்பும். சிறுநீரகத்துக்கு மேலே தொப்பி மாதிரி இருக்கிற சுரப்பி அட்ரினலினைக் கொட்டும், நெஞ்சு ஓடும். இன்னொன்று, மூளையே ஹார்மோன்களை அவிழ்த்துவிடும். ஒரு ஹார்மோன் கீழே கார்ட்டிசாலைக் கிளப்பும். இன்னொன்று வாசோப்ரெசின். அது இரத்தக் குழாயைச் சுருக்கும், சிறுநீரகம் தண்ணீரை வெளியே விடாமல் பிடித்துவைக்கச் செய்யும். அதே ஹார்மோன் மூளைக்குள்ளேயும் வேலை செய்து நெஞ்சை இன்னும் முடுக்கும் என்றாய்.

"அப்ப இது வாய்க்காலையும் நெரிச்சு, வடிகாலையும் அடைக்கிற வேலையா?" என்று கேட்டேன். "எஞ்சினையும் வேகமா ஓட்டி, வாய்க்காலையும் நெரிச்சு, வடிகாலையும் அடைச்சா, கரை என்னத்துக்கு ஆகும்?"

"அம்மா! இதை அப்படியே பரீட்சைல எழுதிரலாம்போல இருக்கே!" என்று என் கன்னத்தைக் கிள்ளினாய். அன்றைக்கு எனக்கு வந்த பெருமையை எந்தக் கருவியாலும் அளக்க முடியாது.

ஏற்றுவது மட்டும்தானா, இறக்குகிறது ஒன்றும் இல்லையா என்று கேட்டேன். ஆக்சிடோசின் என்றாய். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "பிரசவம் ஆனதும் ரத்தம் நிக்கிறதுக்கு நான் போடுற ஊசியா?" "அதேதான்மா. மூளையே அதைச் சுரக்குது. புள்ளைக்குப் பால் குடுக்குறப்ப, வேண்டியவங்க கையைப் பிடிச்சுக்கிறப்ப. மத்தது ஏத்துறதை இது கொஞ்சம் இறக்கிவிடுதாம். மனுஷங்ககிட்ட எவ்வளவு தூரம்னு இன்னும் சண்டை போட்டுக்கிட்டுதான் இருக்காங்க." உடனே உன் அப்பா கிரீஸ் கையை என்னிடம் நீட்டினார். "நர்சம்மா, கையைக் குடு. எனக்குக் கொஞ்சம் இறங்கட்டும்." நான் பிடித்தேன். இரண்டு நாள் கையில் கிரீஸ் நாற்றம் போகவில்லை.

இவ்வளவு தெரிந்த நீ அன்றைக்கு என்ன செய்தாய் என்று பார். நான் அங்கே இல்லை. அத்தை சொன்னதைத்தான் சொல்கிறேன், தப்பாக இருந்தால் திருத்து. அவளுக்கு இரண்டு நாளாகத் தலைவலி. அது ஒரு சாக்கு. உண்மையில் உன்னை நாற்காலியில் பார்க்க வேண்டும் என்று ஆசை. பெட்டியிலிருந்து பச்சைப் புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டு, உனக்கு வறுத்த கடலையை மடியில் முடிந்துகொண்டு, பஸ்ஸை விட்டு இறங்கி வெயிலில் வேகமாக நடந்து வந்தாள். உள்ளே பெஞ்சில் பெரிய வீட்டுக் காரியக்காரர் உட்கார்ந்திருந்தார், சர்க்கரை பார்க்க வந்தாராம். குத்தகை நெல் அளக்க வருகிறவர், வரப்பில் நின்று அதட்டுகிறவர். அவரைக் கண்டதும் அத்தை செருப்பை வாசலிலேயே விட்டாள். நீ எழுதிக்கொண்டே, நிமிராமல், "உட்காருங்க" என்றாய். அவள், "இருக்கட்டும் டாக்டரம்மா" என்றாள். டாக்டரம்மா! உனக்குக் கால் கழுவிவிட்டவள். அவளுக்கு அது கேலி இல்லை, பெருமை. நீ அதைக்கூடக் கவனிக்கவில்லை. நிற்க வைத்து, தொங்கிய கையில் பட்டியைச் சுற்றி, நடந்து வந்த மூச்சு அடங்குவதற்குள் அளந்தாய். நூற்று எழுபத்துநான்குக்கு நூற்றிரண்டு. கை தொங்கினால் கருவி கூடத்தான் காட்டும் என்பது எனக்கே தெரியும். கை நெஞ்சு மட்டத்தில் இருக்க வேண்டும், முதுகு சாய்ந்திருக்க வேண்டும், ஐந்து நிமிஷம் சும்மா இருக்க வேண்டும். வரிசையில் எழுபது பேர் நின்றார்கள் என்று சொல்வாய். நின்றார்கள்தான். எழுபது பேருக்கு ஒரு டாக்டர் வைத்த சர்க்காரை நான் தனியாகத் திட்டிக்கொள்கிறேன், அந்தக் கடிதம் வேறு. ஆனால் ஒரு தடவை நிமிர்ந்து சுற்றிப் பார்த்திருந்தால் காரியக்காரர் உட்கார்ந்திருப்பதும் அத்தை நிற்பதும் உன் கண்ணில் பட்டிருக்கும். பட்டிருந்தால் அந்த எண் எங்கேயிருந்து வந்தது என்று உனக்குத் தெரிந்திருக்கும்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் நம் தெருவுக்கே உரிய முட்டாள்தனம். நம்மிடம் இங்கிலீஷ் காகிதம் எது வந்தாலும் காரியக்காரரிடம் நீட்டிப் படிக்கச் சொல்வது பழக்கம். பெரிய வீடு நம் மேல் போட்ட வழக்கின் நோட்டீஸைக்கூடப் பெரிய வீட்டு ஆளிடமே கொண்டுபோய், "என்ன போட்டிருக்குங்க ஐயா?" என்று கேட்கிற சனம் நாம். பஸ் ஸ்டாப்பில் அவர், "குடு அமிர்தம், என்ன எழுதிருக்குன்னு பாப்போம்" என்றார். இவள் கொடுத்தாள். படித்தார். இன்னொரு தடவை படித்தார். "வெயில்ல நிக்காத, இந்தா வந்துர்றேன்" என்று எதிர்க் கடைக்குப் போய் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு வந்து ஒரிஜினலைத் திருப்பிக் கொடுத்தார். "நல்லா ஓய்வு எடுக்கச் சொல்லிருக்கு உன் டாக்டர். எடுத்துக்க." அவருக்கு இவ்வளவு அன்பா என்று இவளுக்கு ஒரே பூரிப்பு. வீட்டுக்கு வந்து சீட்டை என் கையில் கொடுத்தாள். நான் இங்கிலீஷ் படிப்பேன். படித்தேன். வெற்றி, சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு உன் கையெழுத்து மட்டும்தான் தெரிந்தது. என் மகள் எழுதியது என்று பெருமையாக அதை மூன்று வீட்டுக்கு எடுத்துப் போய்க் காட்டினேன். 'தகுதியில்லை' என்ற வார்த்தை என் கண் முன்னால் மூன்று வீடு நடந்தது. எனக்கு உறைக்கவில்லை. உன்னைக் குற்றம் சொல்லும்போது என்னை விட்டுவிட்டுச் சொல்லவில்லை.

மூன்றாவது வாரம் நடவில் அத்தைக்குக் கண் இருட்டி, நாற்று முடியோடு சேற்றில் உட்கார்ந்துவிட்டாள். அளந்தேன். தொண்ணூற்று நாலுக்கு அறுபது. பிரஷர் இல்லாதவள் பிரஷர் மாத்திரை தின்றால் வேறு என்ன ஆகும்? உடனே உனக்குப் போன் செய்தேன். நீ ஒரு வினாடிகூட யோசிக்காமல், "மாத்திரையை நிறுத்தும்மா, நான் தப்பு பண்ணிட்டேன், தினமும் காலைல அளந்து எழுது" என்றாய். அப்போது எனக்கு உன் மேல் இருந்த கோபம் பாதி போய்விட்டது. தப்பு என்று சட்டென்று சொல்கிற டாக்டரை நான் இருபது வருஷ வேலையில் அதிகம் பார்த்ததில்லை.

நீ சொன்னபடி அளந்தேன். எங்கே அளந்தேன் தெரியுமா? அவள் எங்கே உட்காருவாளோ அங்கே, வரப்பில். சாக்கை விரித்து, பூவரச மரத்தில் முதுகைச் சாய்க்க வைத்து, அவள் கையை என் தோளில் தாங்கிக்கொண்டேன். "அஞ்சு நிமிஷம் பேசாம இருக்கணும்" என்றேன். "அஞ்சு நிமிஷமா? அது செத்தாத்தான்" என்றாள். நடவுக்காரப் பெண்கள் எல்லாம் நாற்றைப் போட்டுவிட்டுச் சுற்றி நின்றார்கள். நூற்று இருபத்தாறுக்கு எண்பது. பத்து நாளும் அதை ஒட்டித்தான், ஒரே ஒரு தடவையைத் தவிர.

ஏழாவது நாள்தான் வேடிக்கை. பட்டியை ஊதிக்கொண்டிருக்கிறேன், காரியக்காரரின் மொபெட் சத்தம் வாய்க்கால் கரையில் கேட்டது. அத்தை வாயைத் திறக்கவில்லை, அசையவில்லை. காற்றை இறக்கும்போது என் காதுக்குழாயில் மட்டும் நாடித் தட்டல் வழக்கத்துக்கு மேலேயே ஆரம்பித்துவிட்டது. நூற்று அறுபத்துநாலு. பாதரசம் துள்ளுகிறதை அவளே பார்த்தாள்.

"ஏ நர்சம்மா! அவரு வண்டியா என் கைக்குள்ள ஓடுது?"

"ஆமா அண்ணி. காது கேட்டுச்சு, மூளை மருந்தை எடுத்து ஊத்திருச்சு."

"என்னைக் கேக்காமலா?"

"உங்களைக் கேட்டா ஊத்தும்?"

அவள் அந்தப் பாதரசத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அறுபது வருஷமாகத் தனக்குள் நடந்ததை முதல் தடவையாகக் கண்ணாடிக் குழாயில் பார்க்கிறாள். பழக்கம் விடவில்லை, மொபெட் கிட்டே வந்ததும் எழுந்திருக்கப் பார்த்தாள். நான் தோளை அழுத்தி, "கட்டிருக்கு அண்ணி, எந்திரிக்கக் கூடாது" என்றேன். நான் கருவிக்காகத்தான் சொன்னேன். ஆனால் அவள் முகத்தில் ஒரு குறும்பு வந்தது. சாய்ந்தபடியே உரக்கச் சொன்னாள்: "மன்னிச்சுக்குங்க ஐயா, கையில கட்டிருக்கு. எந்திரிச்சா ஏறிருமாம்."

வெற்றி, அடுத்து நடந்ததை நீ பார்த்திருக்க வேண்டும். என்னிடம் இருப்பது ஒரே ஒரு பட்டி. பதினொரு பெண்கள். ஒருத்தி தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் சுற்றிக்கொண்டு சட்டென்று வரப்பில் உட்கார்ந்தாள். அடுத்தவளும் உட்கார்ந்தாள். எல்லோரும் கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, வரிசையாக, காலைச் சேற்றில் தொங்கவிட்டு உட்கார்ந்துவிட்டார்கள்.

"என்ன இது? வேலை நேரத்துல எல்லாம் உக்காந்திருக்கீங்க?"

"பிரஷர் ஐயா. கவர்மெண்டு ஆர்டர்."

"துண்டை வெச்சா பிரஷர் பாப்பாங்க?"

"இது புது மெஷினு ஐயா. வயரு கிடையாது."

சிரிப்பை அடக்கி அடக்கி எனக்கு விலா வலித்தது. அவர் மட்டும் நின்றுகொண்டிருந்தார். எல்லோரும் உட்கார்ந்திருக்க அவர் ஒருத்தர் மட்டும் நின்றதை அந்த வரப்பு அதுவரை கண்டதில்லை. முறைத்தார். பிறகு என்ன தோன்றியதோ, "சரி, எனக்கும் பாரும்மா" என்று சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு சாக்கில் உட்கார்ந்தார். வேண்டியவர் வேண்டாதவர் பார்ப்பது என் வேலை இல்லை. பட்டியைக் கட்டி, ஊதப்போகும்போது வரிசையின் கடைசியிலிருந்து ஒரு குரல், "பெரிய ஐயா காரு வருது!" என்றது. அவ்வளவுதான். மனுஷன் துள்ளி எழுந்தார். தோள் துண்டு இடுப்புக்குப் போனது, செருப்பு கழன்று விழுந்தது, கையோடு என் கருவியும் சேர்ந்து கிளம்பியது. அத்தை பாய்ந்து அதைச் சேற்றில் விழாமல் மார்பில் தாங்கிக்கொண்டாள். கார் எதுவும் வரவில்லை. பெண்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். கொக்குக் கூட்டம் எழும்பிப் போனது. அவர் பட்டியைப் பிய்த்துப் போட்டுவிட்டு மொபெட்டை மிதித்தார். அந்தச் சிரிப்பு அடங்கியதும் அத்தைக்கு அளந்தேன், நூற்று இருபத்திரண்டு. நீ சொன்ன ஆக்சிடோசினோ வேறு எதுவோ எனக்குத் தெரியாது, அவள் இரண்டு கையையும் இரண்டு பக்கத்துப் பெண்கள் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

ஆனால் சிரித்து முடித்த பிறகு எனக்கு ஆத்திரமும் வந்தது. அந்தக் காரியக்காரரும் பெரிய வீட்டு வாசலில் முப்பது வருஷமாக நிற்கிறவர்தான். அவர் உடம்பும் அதே சத்தத்துக்கு அதே மருந்தைக் கொட்டுகிறது. ஆபீஸ் சுவரில் தலைவர் படம் மாறுகிறது, ஒரு தேர்தலுக்கு இவர், அடுத்ததற்கு அவர். எந்தக் கொடி கட்டிய காரும் கடைசியில் பெரிய வீட்டு வாசலில்தான் நிற்கிறது. நிலச் சட்டம் புத்தகத்தில் வந்துவிட்டது, உடம்புக்குள் இன்னும் வரவில்லை. இப்படி நாள் தவறாமல் ஏறிக்கொண்டே இருந்தால் குழாய் தடித்து, நெஞ்சு வீங்கி, பொய்ப் பிரஷர் நிஜப் பிரஷராக மாறும் என்று சொன்னவளும் நீதான். நிஜமாகப் பிரஷர் இருக்கிறவர்களுக்கு மாத்திரை உயிர். நிறுத்திவிட்டுப் பக்கவாதத்தில் விழுந்தவர்களைத் தூக்கியிருக்கிறேன். நான் மாத்திரைக்கு விரோதி இல்லை. யார் வியாதி, எது பயம் என்று பிரித்துப் பார்க்காமல் எழுதுவதற்குத்தான் விரோதி.

இதில் என் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். வேலைக்கு வந்த புதிதில் எத்தனையோ பேருக்குக் கருவியைப் பையிலிருந்து எடுக்காமலேயே நூற்று இருபதுக்கு எண்பது என்று ரிஜிஸ்டரில் எழுதியிருக்கிறேன். அதைவிடப் பெரியது ஒன்று உண்டு. உனக்கு ஏழு வயது. இதே வரப்பில் கொட்டாங்குச்சியில் சோறு சமைத்து விளையாடிக்கொண்டிருந்தாய். பெரிய ஐயா குடை பிடித்து வந்தார். நீ உட்கார்ந்தே இருந்தாய். உன் தொடையைக் கிள்ளி எழுப்பினேன். நீ அழவில்லை. எதற்கு என்று என்னைப் பார்த்தாய். உன்னை இழுத்து முன்னால் நிறுத்திக்கொண்டபோது என் கை உன் நெஞ்சின் மேல் இருந்தது. அது பிடிபட்ட குருவி மாதிரி அடித்தது. அவர் போன பிறகும் அடித்தது. எதற்குப் பயப்பட வேண்டும் என்று உன் மூளைக்கு முதல் பாடம் எடுத்தது எந்தக் காலேஜும் இல்லை, நான்தான். நீ அத்தையை நிற்க வைத்தாய் என்றால், நிற்பது ஒரு விஷயமே இல்லை என்று உன் கண்ணுக்குப் பழக்கியதும் நான்தான்.

அதனால்தான் போன வாரம் சீட்டைப் பற்றி நான் கேட்டபோது நீ சொன்ன பதில் எனக்குப் புரிந்தது. "ரெக்கார்டுல ஏறிருச்சும்மா. அன்னைக்கு இருந்தது அதுதானே. மாத்தி எழுதினா மேல கேப்பாங்க. கோர்ட்டுக்கெல்லாம் நான் வந்தா பெரிய வீட்டுக்காரங்க மினிஸ்டர்கிட்ட போவாங்க." சொல்லும்போது உன் குரல் மெலிந்துகொண்டே போனது. எனக்கு அந்தக் குரலைத் தெரியும். ஏழு வயதில் என் கைக்கு அடியில் அடித்துக்கொண்டதும் அதே பயம்தான். உன் நாற்காலி உன்னை உட்கார வைக்கவில்லை வெற்றி, நீயும் இன்னும் நின்றுகொண்டுதான் இருக்கிறாய்.

பயப்படாதே என்று சொல்ல மாட்டேன். கோர்ட்டில் உன் பெயரைக் கூப்பிட்டதும் உன் புளியங்கொட்டை வேலையை ஆரம்பிக்கும். நெஞ்சு ஓடும், வாய் உலரும், கை சில்லிடும். ஆரம்பிக்கட்டும். அது வியாதி இல்லை, உடம்பு உனக்காக வரிந்துகட்டி நிற்கிறது என்று வைத்துக்கொள். ஏறியது இறங்கும். பக்கத்தில் நான் இருப்பேன், கையைப் பிடித்துக்கொள்ளலாம். உன் அப்பாவும் லீவு போட்டிருக்கிறார். பதினொரு பெண்களும் அன்றைக்கு வேலைக்குப் போகப் போவதில்லையாம். கோர்ட்டுக்கு எதிரே எந்தக் கடையில் நல்ல போண்டா கிடைக்கும் என்று இப்போதே விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள். அத்தை உன் மேல் ஒரு சொல் வருத்தமாகப் பேசவில்லை. "புள்ள அவசரத்துல எழுதிருச்சு, வந்து சரி பண்ணிரும்" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு நாற்று பறிக்கிறாள். அவள் அப்படிச் சொல்லச் சொல்ல எனக்குத்தான் ஏறுகிறது. என்னையே அளந்து பார்த்தேன், நூற்று ஐம்பது.

பொய் எழுதச் சொல்லவில்லை. பழைய சீட்டைக் கிழிக்கவும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை வரப்புக்கு வா. உன் கருவியையே கொண்டு வா, என்னுடையதை நம்ப வேண்டாம். அவளை உட்கார வை, முதுகைச் சாய்த்துக்கொள்ளச் சொல், கையைத் தாங்கிப் பிடி, ஐந்து நிமிஷம் நீயும் சும்மா இரு. பிறகு அளந்து பார். இறங்கி நடவு நடச் சொல், ஏறி வந்ததும் மறுபடியும் அளந்து பார். கண்ணால் பார்த்ததை, முன்னால் எப்படி அளந்தாய் என்பதையும் சேர்த்து, தமிழில் எழுதிக் கையெழுத்துப் போடு. இந்தத் தடவை அவளுக்குப் படித்துக் காட்டு. திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அந்தக் காகிதத்தோடு கோர்ட்டில் எழுந்து, 'நான் அளந்தது தப்பு, இவர் வயலில் இறங்கி வேலை செய்வதை நான் பார்த்தேன்' என்று சொல்.

ஞாயிற்றுக்கிழமை எந்த பஸ்ஸில் வருகிறாய்? அதை மட்டும் எழுது.